கல்லிலிருந்து அறுபது மீட்டர்

ஏப்ரல் 9

தாழங்குடிக்கு வந்து சேர்ந்தாயிற்று. லாட்ஜ் அறையில் மின்விசிறி சுற்றுவதைவிட முனகுவது அதிகம். இந்தப் பக்கம் புதிதாக வரப்போகிற எரிவாயுக் குழாய்க்குச் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும். பதினான்கு வருடமாக இதே வேலைதான். ஆனால் ஒருங்கிணைப்பாளர் என்று அறிக்கையில் என் பெயர் வரப்போவது இதுதான் முதல் தடவை. கிளம்பும்போது எங்கள் நிறுவன முதலாளி ரங்கராஜன் சார் சொன்னார்: "வாசுகி, இதுல கையெழுத்து உன்னுது. நல்ல பேரும் உனக்குத்தான், கெட்ட பேரும் உனக்குத்தான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒருங்கிணைப்பு என்பது பெரிய வார்த்தை. பறவை எண்ணுகிறவர், மண் எடுக்கிறவர், சத்தம் அளக்கிறவர் என்று எல்லோரையும் போனில் விரட்டுவதுதான் அது. பறவைக்காரர் அனுப்பிய பட்டியலில் இருவாச்சி இருக்கிறது. மலையில் இருக்கிற பறவை. இந்த ஜில்லாவில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு நாளாகப் பதில் இல்லை.

ஏப்ரல் 12

காற்று அளக்கும் கருவியை வைக்க ஒரு மொட்டை மாடி தேவைப்பட்டது. ஊருக்கு வெளியே ஸ்ரீவாரி நகர் என்று மனை போட்டு விற்ற தெரு. பதினோரு வீடு. கடைசி வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முந்தின வீடு திலகவதியுடையது. கணவர் சிங்கப்பூரில். இவரும் மாமியாரும் மட்டும். "ராத்திரி சத்தம் போடுமாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாடிக் கதவைத் திறந்துவிட்டார். பார்த்த பத்தாவது நிமிடம் அக்கா ஆக்கிவிட்டார். எனக்குப் பிடித்திருந்தது.

தெருவைத் தாண்டி ஒரு வேப்பமரம். அதனடியில் மஞ்சள் கல் ஒன்று நிற்கிறது. முப்பது வருடத்துக்கு முன் புதைத்த பழைய எரிவாயுக் குழாய் இதனடியில் போகிறது என்பதற்கான அடையாளக் கல். வாயுக் கிணற்றிலிருந்து மின் நிலையத்துக்கு இன்றைக்கும் அதில் வாயு ஓடுகிறது. எங்கள் புதுக் குழாய் அதற்குப் பக்கத்தில் வரப்போகிறது.

கல்லுக்கு மஞ்சள் பூசி, செவ்வரளி சாத்தியிருந்தார்கள். 'அபாயம்' என்று செதுக்கியிருந்த எழுத்தின் மேலேயே பெரிய குங்குமப் பொட்டு. திலகவதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மஞ்சக்காத்தாக்கா. கேட்டதக் குடுப்பா."

சர்வேயர் காத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கல்லிலிருந்து கடைசி வீட்டுச் சுவர் வரைக்கும் நாடா பிடித்தார். அறுபது மீட்டர். தாராளமான தூரம். எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 13

பைக்கில் ஒரு ஆள். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை வேட்டி. இன்று நான் போன இடமெல்லாம் இருந்தான்.

ஏப்ரல் 16

அந்த ஆள் இன்று பேசிவிட்டான். வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான். நான் திடுக்கிட்டதில் பாட்டில் வாய்க்காலோடு போய்விட்டது.

"கல்லத்தான் அளந்தீங்களா மேடம்? வேற மிஷினு எதும் வெச்சுப் பாக்கலீயே?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான். ஊருக்குள்ள வந்துருக்கீங்க, என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கணும்ல." கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தான்.

டிரைவர் சவரிமுத்து பிறகு சொன்னார். பெயர் தனவேல். ஸ்ரீவாரி நகர் மனைகளை விற்றவன் அவன்தான். திலகவதிக்கு உடன்பிறந்த அண்ணன். கட்டிக்கொண்டிருக்கிற கடைசி வீடும் அவனுடையது. "நல்ல மனுசன்தான் மேடம். கோவம் வந்தாத்தான் கொஞ்சம்..." என்று நிறுத்தினார். கொஞ்சம் என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்கிறேன். இதை என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னால் உடனே கிளம்பி வா என்பார், அதனால் சொல்லவில்லை.

ஏப்ரல் 22

ஆய்வகத்திலிருந்து காற்று முடிவுகள் வந்தன. மற்ற மூன்று இடங்களும் ஒழுங்கு. திலகவதி மாடியில் மட்டும் மீத்தேன் நாலு மடங்கு. சாருக்கு போன் செய்தேன்.

"பக்கத்துல மாட்டுக் கொட்டாய் இருக்கும்."

"இல்ல சார்."

"எருக்குழி?"

"அதுவும் இல்ல."

"அப்ப மிஷின் சரியில்ல. மறுபடி வை."

சரிதான். கருவி பழையது. லாரியில் குலுங்கி வந்திருக்கும்.

ஏப்ரல் 27

இரண்டாம் முறையும் முடிவு வந்துவிட்டது. இந்தத் தடவை ஆறு மடங்கு.

கருவியை இறக்கப் போனபோது திலகவதி கொல்லைக்குக் கூட்டிப்போய்த் தென்னங்கன்றைக் காட்டினார். அண்ணன் வீட்டுப் பக்கம் இருக்கிற மட்டைகள் மட்டும் காய்ந்து பழுப்பாகத் தொங்குகின்றன. இந்தப் பக்கம் பச்சை. அடியில் வட்டமாகப் புல் செத்துக் கிடக்கிறது. ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அங்கே ஊற்றினார். தண்ணீர் தேங்கி, அதிலிருந்து குமிழ் குமிழாக வந்துகொண்டே இருந்தது.

"பூமி கொதிக்குதுக்கா. பாத்தீங்களா? அத்தைகிட்ட சொன்னா காத்தா கோவமா இருக்கான்னு பொங்கல் வெக்கச் சொல்லுது."

மண்ணுக்குள் காற்று இருக்கும், தண்ணீர் இறங்கும்போது அது மேலே வரும் என்றேன். அது பொய் இல்லை. காய்ந்த மண்ணில் அப்படி வரும்தான். வாயுக் கசிவு என்றால் நாற்றம் அடித்திருக்குமே என்று அவராகவே சொன்னார். வீட்டு சிலிண்டரில் நாற்றத்துக்கென்று மருந்து கலக்கிறார்கள், கிணற்றிலிருந்து நேராக ஓடுகிற வாயுவுக்கு எந்த வாசனையும் கிடையாது என்பதை நான் சொல்லவில்லை. எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும்? குழாய் அறுபது மீட்டர் தள்ளி இருக்கிறது.

மே 1

சார் சொன்ன யோசனை: நாலு இடத்துக்கும் சேர்த்துச் சராசரி போட்டால் கண்ணை உறுத்தாது. போட்டேன். உறுத்தவில்லை. "பழைய லைன் வேற கம்பெனிக்காரனுது. நம்ம வேலை புது லைன். அடுத்தவன் வீட்டுக் கூரைல ஓட்டை இருக்குன்னு நாம ஏன் எழுதணும்?" என்றார்.

சராசரி அட்டவணையை அறிக்கையில் சேர்த்துவிட்டேன்.

மே 5

கருத்துக்கேட்புக் கூட்டம். மூன்று நாளாகத் தூக்கமே இல்லை. பந்தல் போட்டு, நாற்காலி அடுக்கி, சுருக்க அறிக்கையைத் தமிழில் நூறு பிரதி எடுத்து, அதில் 'ஈரநிலம்' என்பது எல்லா இடத்திலும் 'ஈரல்நிலம்' என்று அச்சாகி, பேனாவால் திருத்தி உட்கார்ந்திருந்தேன். கல் எறிவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கி ஓட எந்தப் பக்கம் வழி என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

யாரும் எறியவில்லை. மீன்குட்டை வைத்திருக்கிற ஒருவர் எழுந்து கேட்டார்: "புதுசு இருக்கட்டும் மேடம். பழைய லைன் எங்கங்க கெடக்குன்னு மொதல்ல தோண்டிக் காட்டுங்க. கல்லு சொல்லுறத நாங்க நம்பணுமா?"

நான் கையிலிருந்த அறிக்கையைப் புரட்டினேன். அதற்குள் தனவேல் எழுந்து கத்தினான். "அரசாங்கம் நட்ட கல்லுய்யா அது! தோண்டணுமாம்ல தோண்டணும்! உக்காருய்யா!" அவனுடைய ஆட்கள் கை தட்டினார்கள். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

இத்தனை நாள் நான் பயந்த ஆள் எனக்காகப் பேசினான். அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்த பிறகு அவன் கேள்வி கேட்டவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மே 9

மாடி கொடுத்ததற்கு நன்றி சொல்லத் திலகவதி வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தார். அண்ணன் வீடு முடிந்துவிட்டதாம். வைகாசி பிறந்ததும் புதுமனை புகுவிழா. அதுவரை கண் படக்கூடாது, வேறு யாரும் காலெடுத்து வைத்துவிடக்கூடாது என்று ஜன்னலெல்லாம் அடைத்துப் பூட்டியாயிற்று.

"கட்டி முடிக்கங்காட்டியும் அண்ணன் பட்ட பாடு! செப்டிக் டேங்குக்கு ஜேசிபி வெச்சுத் தோண்டுனப்ப பாறை மாதிரி என்னத்துலயோ இடிச்சிருச்சாம். அப்பறம் ரெண்டடி தள்ளித் தோண்டுனாங்க. போன வாரம் பெயிண்டருக்கு உள்ள கிறுகிறுன்னு வந்து வாசல்ல வந்து உக்காந்துட்டாரு. பெயிண்டு வாடை ஒத்துக்கலன்னாரு."

டெல்டா மண்ணில் ஏது பாறை? நான் கேட்கவில்லை. மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 14

சாயங்காலம் தனவேல் லாட்ஜுக்கே வந்துவிட்டான். பார்த்ததும் கதவை மூடப் போனேன். சவரிமுத்து வராந்தாவில் இருந்ததால் நின்றேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் மஞ்சள் தடவிய பத்திரிகை. கறுப்புக் கண்ணாடி இல்லை. கண்ணாடி இல்லாத அந்த முகம் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தது.

"பதினேழாந்தேதி விடிகாலைல முகூர்த்தம். நீங்கதான் வந்து மொத வெளக்கு ஏத்தணும் மேடம். தங்கச்சி சொல்லிருச்சு, அக்காதான் ஏத்தணும்னு."

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு கேப்பேன், தப்பா நெனக்கக் கூடாது. அந்தக் கல்லப் பத்தி மட்டும் அறிக்கைல எதும் எழுதிறாதீங்க. மனை போடுறப்ப அது நடுவுல நின்னுச்சு. எல்லாரும் காத்தான்னு கும்புட்டுக்கிட்டு இருந்தாங்க. சும்மா பிடுங்க முடியுமா? பூசாரிய வெச்சுப் பூச போட்டு, மேளம் தட்டி, வேப்பமரத்தடிக்குக் குடியேத்துனோம். ஊரே வந்து விழுந்து கும்புட்டுச்சு."

"எந்த இடத்துல நின்னுச்சு?"

"இப்ப என் வீட்டு அடுப்படி இருக்குற எடத்துல." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "அது செத்த லைனு மேடம். அதுல ஒண்ணும் ஓடலன்னு அப்பவே சொன்னாங்க. இல்லாட்டி நான் எம்புள்ளைங்கள அதுமேல கொண்டாந்து வெப்பனா? இதே மாரி மேலத்தெரு மனையிலயும், வாய்க்காலுக்கு அந்தாண்ட ராஜகணபதி நகர்லயும் காத்தாள மாத்தித்தான் வெச்சோம். எங்கயும் ஒண்ணும் ஆவலியே."

ஓடுகிறது. இன்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்று அந்தக் கம்பெனி எழுதிய கடிதம் என் பையில், அவனுக்கு அரை அடி தூரத்தில் இருந்தது.

சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பான். பத்திரிகையை வாங்கிக்கொண்டு, வருகிறேன் என்றேன்.

மே 15

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அறிக்கை இருபதாந்தேதி போகுது. அதுக்கப்பறம் பாத்துக்கலாம். நீ உடனே சென்னைக்குக் கிளம்பி வா" என்றார். பெட்டியைக் கட்டினேன். பிரித்தேன்.

மே 16

நாளைக்குச் சொல்லிவிடலாம். விசேஷத்துக்கு முன்னால் போய்த் தனியாக அழைத்துப் பக்குவமாகச் சொல்லலாம். ஒருவேளை ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கையில் பிடிக்கிற வாயு காட்டும் கருவியை எடுத்துப் பையில் வைத்தேன். அதற்குப் புது பேட்டரி போட்டேன்.

மே 17

காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோணல்மாணலாக வருகிறது. எழுதாவிட்டால் பிறகு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

நாங்கள் போகும்போது இன்னும் விடியவில்லை. தெரு முழுக்க கோலம். வாசலில் பசுவும் கன்றும். நூறு பேராவது இருப்பார்கள். தனியாக அழைத்துச் சொல்ல நினைத்தவனைச் சுற்றி மாமன், மச்சான், பங்காளிகள். நான் இறங்கியதுமே திலகவதி கையைப் பிடித்து இழுத்துப்போய் வாசற்படியில் நிறுத்திவிட்டார். கையில் குத்துவிளக்கு. ஐந்து முகமும் ஏற்றியிருந்தது. "வலது கால எடுத்து வெச்சுப் போங்கக்கா. நேரா அடுப்படிக்குப் போயி வெளக்க வெச்சிருங்க, பால் காச்சிரலாம்." தனவேல் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். மேளம் கெட்டியாக எழும்பியது.

கதவு ஒரு கையகலம் திறந்தது. என் தோள்பையில் இயக்கி வைத்திருந்த கருவி அலறத் தொடங்கியது.

மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் விளக்கை ஊதி அணைத்தேன்.

ஐந்து முகம். ஒரே மூச்சில் அணையவில்லை. மூன்று தடவை ஊதினேன். மேளம் நின்றுவிட்டது. யாரோ ஒரு கிழவி "அடிப் பாவி!" என்றது மட்டும் கேட்டது. தனவேலின் மனைவி என் கன்னத்தில் அறைந்தாள். நல்ல அறை. "கதவ மூடாதீங்க, யாரும் உள்ள போகாதீங்க, தீக்குச்சி கிழிக்காதீங்க, கற்பூரத்த அணைங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கருவியின் அலறல் இப்போது எல்லோருக்கும் கேட்டது. தனவேல்தான் முதலில் புரிந்துகொண்டான். ஐயர் கையிலிருந்த கற்பூரத் தட்டை வாங்கித் தெருப் புழுதியில் கவிழ்த்துவிட்டு, பிள்ளைகள் இரண்டையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

விடிந்து வெகுநேரம் கழித்துத் தீயணைப்பு வண்டி வந்தது, பழைய லைன் கம்பெனியின் என்ஜினியர் வந்தார், தாசில்தார் வந்தார். தெருவையே காலி செய்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். என்ஜினியர் அடுப்படிக்கு வெளியே குழி தோண்டினார். மூன்றடியில் குழாய். ஜேசிபி பல் கீறிய இடத்தில் நீளமாக ஒரு பிளவு.

தாசில்தார் என்னிடம் வந்தார். "பெரிய காரியம் பண்ணியிருக்கீங்கம்மா. எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இன்னைக்குக் காலைலதான்" என்றேன்.

திலகவதி என் பக்கத்திலேயே நின்றிருந்தார். தென்னங்கன்றைக் காட்டியவர். குடத்துத் தண்ணீரை ஊற்றியவர். அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு தாசில்தாரிடம் நிதானமாகச் சொன்னார்: "ஆமாங்க சார். அக்காவுக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"கல்லை யார் மாத்தி வெச்சது?"

திலகவதி மறுபடியும் என்னைப் பார்த்தார். இப்போது கெஞ்சினார்.

"தெரியலை சார்" என்றேன்.

அப்படியே முடிந்துவிட்டது. எல்லோரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள். அறைந்தவள் வந்து கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பொட்டலச் சாப்பாடு வந்தது, எனக்கும் ஒன்று வைத்தார்கள். சார் போன் செய்து, பத்திரிகைக்காரர்கள் கேட்டால் நிறுவனத்தின் பெயரைச் சொல் என்றார். சாயங்காலம் கிளம்பலாம் என்று என்ஜினியரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

அவர் போனில் இருந்தார். "வாய்க்கால் வால்வோட மூடியாச்சு. இந்தப் பக்கம் பத்திரம். கிணத்துப் பக்கம் அழுத்தம் கொஞ்சம் ஏறும்... ஏறட்டும், ராத்திரிக்குள்ள குறைச்சுக்கலாம். அங்க வீடே இல்ல, கல்லுப்படி பாத்தா எல்லாம் வயல்தான்."

கிணற்றுப் பக்கம்தான் மேலத்தெரு மனை. கிணற்றுப் பக்கம்தான் ராஜகணபதி நகர். அங்கேயும் குழாய்க்கு மேல்தான் வீடு, அங்கேயும் ஜேசிபி இறங்கியிருக்கும்.

திரும்பினேன். தனவேல் சுவரோரம் குந்தியிருந்தான். அவனுக்கும் கேட்டிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் பேசட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் பேசட்டும் என்று அவனும் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு நான் என்ஜினியரின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். அழுத்தத்தைக் குறையுங்கள், கல்லெல்லாம் பொய், குழாய்க்கு மேலே வீடு இருக்கிறது என்று கத்தினேன். கிணற்றில் ஆள் போய்த் திருப்ப ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். தாசில்தாரிடம் ஓடினேன்.

"நான் சொன்னது ரெண்டும் பொய் சார். கல்லை மாத்தினது தனவேல். மூணு இடத்துல. எனக்கு ஏப்ரல் மாசமே சந்தேகம் வந்துருச்சு. பதினாலாந்தேதி நிச்சயமாத் தெரியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் பார்த்த பார்வை இல்லை. "தெரிஞ்சுமா விளக்கப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க?" என்றார். "போங்க, பேசிக்கிட்டு நிக்காதீங்க. தீயணைப்ப நான் அந்தப் பக்கம் திருப்புறேன்."

சவரிமுத்து பறக்கவிடுகிறார். தனவேல் முன் சீட்டில் இருக்கிறான். இடது, வலது என்று வழி சொல்கிறான். திலகவதி காரை மறித்து, "ஏங்க்கா, எங்கண்ணனப் போயி..." என்று அழுதார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

மேலத்தெரு மனைக்கு வந்துவிட்டோம். இரண்டு பக்கமும் வீடு. மணி ஏழு. எல்லா ஜன்னலிலும் விளக்கு, எல்லா அடுப்படியிலும் அடுப்பு எரிகிறது, தாளிக்கிற வாசனை கார் வரைக்கும் வருகிறது. எந்த வீட்டுக்கு அடியில் என்று கேட்டேன். தெரியவில்லை மேடம், கல்லு எங்க நின்னுச்சுன்னு மறந்துட்டேன் என்கிறான்.

நிறுத்துகிறேன். முதல் வீட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.